எருமை வெளியேறிய நகரம்: பம்பாயில் வீட்டு விலங்கு வளர்ப்பின் வரலாறு

1949ஆம் ஆண்டு பம்பாய் மாநகரின் விளிம்பில் இரண்டு குடியிருப்புகள் உருவாயின. அவற்றுள் ஒன்று மனிதர்களுக்கானது. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் அருகே படைவீரர்களுக்காக அமைக்கப்பட்ட முகாமில், பிரிவினையால் சிந்துப் பகுதியை விட்டு வந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏதிலியர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 8 அன்று அன்றைய தலைமை ஆளுநர் சி. இராஜகோபாலாச்சாரி அங்கே அடிக்கல் நாட்டினார். அருகில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரோடு அவ்வூர் உல்லாஸ்நகர் ஆயிற்று. மற்றொரு குடியிருப்பு எருமைகளுக்கானது. கோரேகாவ் குன்றுகளுக்கு இடையே, மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், நகரத்தின் எருமைக் கொட்டில்களை ஒட்டுமொத்தமாகக் கொண்டு செல்வதற்காக ஆரே பால் குடியிருப்பு தொடங்கப்பட்டது.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் வழக்கம் வரலாற்று எழுத்தில் இல்லை. ஒன்று ஏதிலியர் மறுவாழ்வு என்ற தலைப்பிலும், மற்றொன்று பால்வளத் துறை என்ற தலைப்பிலும் சென்று சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நகரத்தில் யார் எங்கே வாழலாம் என்பதை யார் தீர்மானிப்பது? மனிதர் தொடர்பாக இக்கேள்வி ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. விலங்குகளோடு சேர்ந்து வாழும் மனிதர் தொடர்பாக அது போதிய அளவு எழுப்பப்படவில்லை. வீட்டில் விலங்கு வளர்ப்பது, பழக்குவது என்னும் மிக எளிய செயல், ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு உரிமம் வேண்டும் செயலாகவும், சிலருக்கு மட்டும் இயலும் செயலாகவும் மாறியது என்பதைப் பம்பாயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாற்றில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர்க்கும் பங்கு உண்டு.

வீடும் தொழுவமும்

தமிழ்நாட்டு உழவர் வாழ்வில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே பெரிய தூரம் இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டு நடுகல் இதற்கு நல்ல சான்று. மகேந்திரவர்மப் பல்லவனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் இறப்பையும், கள்வரைக் கடித்து அவனருகே காவல் நின்ற நாயையும் பதிவு செய்கிறது. நாயின் உருவமும் கல்லில் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் உண்டு. பெயர் பெற்ற விலங்கு, உரிமையாளனின் நினைவோடு சேர்த்து நினைக்கத்தக்கதாக ஊரால் ஏற்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

பழக்குதல் என்ற சொல்லையும் இங்குக் கவனிக்க வேண்டும். பழகு என்னும் தன்வினையிலிருந்து பழக்கு என்னும் பிறவினை பிறக்கிறது. விலங்கைப் பழக்குபவன் முதலில் அதனோடு பழக வேண்டும். உழவுக்கு இளங்காளையைப் பழக்கும் முறையில் இது வெளிப்படை. இரண்டு பல் போட்ட பருவத்தில் மூக்கணாங்கயிறு இட்டு, பழகிய காளை ஒன்றுடன் நுகத்தில் பிணைத்து, முதலில் வெறும் நுகத்தடியோடும், பின்னர் கட்டை இழுக்கவிட்டும், அதன் பின்னரே ஏரிலும் வண்டியிலும் பூட்டுவர். கற்பிப்பதில் பாதிப் பங்கு மூத்த காளையுடையது. கறவையிலும் இவ்வாறே. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்த பின் கன்றைப் பிடித்துக் கட்டி, கறந்து முடித்ததும் மீண்டும் அவிழ்த்துவிடுவது வழக்கம். கறப்பவரின் கை, குரல், வாடை ஆகியவற்றுக்கு மாடு பழகியிருக்கும். ஆள் மாறினால் பால் இறங்காது.

இவ்வமைப்பை வெறும் இனிய நினைவாகக் கொள்வது வரலாறாகாது. நிலமும் மாடும் உடையோர் ஒருபுறம் இருக்க, பிறர் மாட்டையும் ஆட்டையும் வாரத்துக்கு வளர்த்து, ஈனும் குட்டிகளில் பங்கு பெற்று வாழ்ந்தோர் மறுபுறம் இருந்தனர். இறந்த மாட்டை அகற்றுவதும் தோலை உரிப்பதும் குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தன. விலங்கோடு வாழ்வது அனைவர்க்கும் பொது. அவ்வாழ்வின் பயனும் இழிவும் பொதுவாக இருக்கவில்லை. பம்பாய்க்குச் சென்ற தமிழர் இவ்விரண்டையும் சுமந்தே சென்றனர்.

1832: நாய்க்காக மூடப்பட்ட கடைகள்

பம்பாயில் விலங்கு குறித்த முதல் பெரிய பொதுப் பூசல் நாயைப் பற்றியது. தெருவில் திரியும் நாய்களைக் கோடையில் கொல்வதற்கு 1813ஆம் ஆண்டு முதலே காவல் துறை விதி இருந்தது. கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டு அணா வழங்கப்பட்டது. 1832இல் கொல்லும் காலம் நீட்டிக்கப்பட்டபோது, பணத்துக்காக வீட்டு நாய்களும் பிடிக்கப்படுகின்றன என்ற சினம் எழுந்தது. ஜூன் 6 அன்று கோட்டைப் பகுதியில் பார்சியர் கூட்டம் ஒன்று நாய் பிடிக்கும் காவலரைத் தாக்கியது. மறுநாள் கடைகள் மூடப்பட்டன. கொலாபாவில் இருந்த படையினர்க்குச் செல்லும் உணவுப்பொருள் தடைப்பட்டது. பார்சியருடன் சைனர், இந்துக்கள், இசுமாயிலியர் ஆகிய வணிகர்களும் சேர்ந்துகொண்டனர். படை வரவழைக்கப்பட்ட பின்னரே அமைதி திரும்பியது.

ஜொராஸ்டிரிய சமயத்தில் இறந்தவரின் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் ‘சக்தீத்’ என்னும் சடங்கு உண்டு. எனவே பார்சியர்க்கு நாய் காவல் விலங்கு மட்டுமன்று, இறுதிக் கடனில் பங்கேற்கும் உயிரும் ஆகும். இக்கலகத்தை ஆராய்ந்த ஜெஸ்ஸி பல்சேதியா, குடியேற்ற அரசுக்கும் பார்சிய மேன்மக்களுக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ளும் நிகழ்வாக இதைக் காண்கிறார். விலங்கு வரலாற்றின் பார்வையில் இன்னொன்றும் புலப்படுகிறது. அரசின் விதி, நாய்களை உடையவன் உள்ளவை, இல்லாதவை என இரண்டாகப் பிரித்தது. நகர மக்களின் நடைமுறையில் அப்பிரிவு இருக்கவில்லை. ஒரு தெருவின் நாய் பல வீடுகளில் உண்டது. எவர் வீட்டுக்கும் உரியதாகாமல் எல்லோர்க்கும் பழகியதாக இருந்தது. ‘உடையவன் யார்?’ என்ற கேள்வியை அரசு எழுப்பியபோது, அத்தகைய நாய்க்கு விடை சொல்ல எவரும் இல்லை.

கலகத்தின் பின்விளைவுகளுள் முதன்மையானது 1834இல் ஜம்சேட்ஜி ஜீஜீபாயும் சைன வணிகர்களும் சேர்ந்து நிறுவிய பாஞ்சராபோல். கைவிடப்பட்ட விலங்குகளைக் காக்கும் அறநிலை அது. நாய்களைக் கொல்லாமல் காப்பதற்கு இடம் கிடைத்தது. அதே நேரத்தில், உடையவன் இல்லாத விலங்கின் இடம் தெருவன்று, வேலியிட்ட நிலையமே என்ற கருத்தும் அறத்தின் வழியாகவே வேரூன்றியது.

உரிமமும் மருத்துவமும்

1874இல் பம்பாயில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. அடுத்த பத்தாண்டுகளில் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886இல் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நிறுவப்பட்டன. வண்டிக் குதிரையும் இழுவை மாடும் நகரின் போக்குவரத்தைத் தாங்கிய காலம் அது. நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் பார்ப்பதும், புண்பட்ட காளையைப் பூட்டுபவனைத் தண்டிப்பதும் இந்நிறுவனங்களின் வேலையாயிற்று. தண்டிக்கப்பட்டவருள் பெரும்பாலோர் வண்டியோட்டிகள். விலங்கின் துயரம் பார்வைக்கு வந்தது நன்று. அதனோடு, விலங்கை வைத்துப் பிழைக்கும் ஏழை கொடியவனாகவும், அதைப் பொழுதுபோக்குக்கு வளர்ப்பவன் அன்புடையவனாகவும் காட்சிப்படுத்தப்பட்டது.

1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் இவ்வேறுபாட்டுக்கு நிர்வாக வடிவம் கொடுத்தது. விற்பனைக்காகவும் வாடகைக்காகவும் பால் வணிகத்துக்காகவும் கால்நடை வைத்திருப்போர் ஆணையரின் அனுமதி பெற வேண்டியதாயிற்று. 1896இல் கொள்ளைநோய் நகரைத் தாக்கிய பின்னர், இருட்டறையும் கழிவு தேங்கிய கொட்டிலும் உடல்நலத்துக்கு எதிரி என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலான குடியிருப்புகளை இடித்துப் புதிய புறநகர்களைத் திட்டமிட்டது. அத்திட்டங்களின் வரைபடங்களில் தெரு, சாக்கடை, பூங்கா, பள்ளி ஆகியன இருந்தன. தொழுவத்துக்கு இடமில்லை.

தபேலாவின் கணக்கு

இருப்பினும் நகரம் பால் குடித்தது. பதப்படுத்தும் தொழில்நுட்பமும் விரைவு வண்டியும் பரவாத காலத்தில் பால் நெடுந்தூரம் பயணம் செய்ய இயலாது. எனவே எருமை நகரத்துக்குள் வந்தது. தபேலா என்று அழைக்கப்பட்ட கொட்டில்களில் முர்ரா, ஜாஃபராபாதி, சூரத்தி, மெக்சானா இன எருமைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் அவற்றைப் பராமரித்துக் கறந்தனர்.

தபேலாவின் பொருளியல் எளியது, கொடியதும்கூட. கன்று ஈன்ற எருமை ஏறத்தாழ பத்து மாதம் பால் தரும். அதன் சினைக்காலமும் ஏறத்தாழ பத்து மாதம். மறுபடியும் பால் வேண்டுமானால், கறவைக் காலத்திலேயே அது சினைப்பட வேண்டும். எருமை பருவத்துக்கு வருவதை அறிவது எளிதன்று. பசுவைப் போல அது கத்திக் காட்டுவது குறைவு. நெருக்கமான கொட்டிலில் பொலிகடா வைத்திருப்பதும், வற்றிய எருமைக்குப் பல மாதம் தவிடும் புண்ணாக்கும் போடுவதும் நகரத்து விலைவாசியில் கட்டுப்படியாகாது. ஆகவே பால் வற்றியதும் எருமை இறைச்சிக்கு விற்கப்பட்டது. அவ்விடத்தில் புதிதாக ஈன்ற எருமை ஒன்று குஜராத்திலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வாங்கிக் கட்டப்பட்டது. நல்ல கறவை எருமைகள் தம் முதல் சில ஈற்றுகளிலேயே நகரத்தில் முடிந்துபோயின. நாட்டின் சிறந்த எருமை இனங்கள் இவ்வாறு ஆண்டுதோறும் வடிகட்டப்படுவதை வேளாண்மை அறிஞர்கள் நீண்ட காலம் கவலையோடு சுட்டி வந்தனர்.

கன்றின் நிலை இன்னும் மோசம். கன்று குடிக்கும் பால் விற்பனைக்கு இழப்பு. கிடாக்கன்றுக்கு நகரில் எப்பயனும் இல்லை. பெரும்பாலான கன்றுகள் பட்டினியால் இறந்தன. ஆனால் கன்றின் தீண்டலின்றி எருமை பால் சுரப்பது கடினம். மடியில் கன்று முட்டும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்பட்டு, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கி, பாலை இறக்குகிறது. அச்சமும் வலியும் இதைத் தடுக்கின்றன. எனவே கன்று இறந்ததும் அதன் தோலுக்குள் வைக்கோல் திணித்து எருமையின் முன் நிறுத்தினர். தமிழ் ஊர்களிலும் அறியப்பட்ட வழக்கமே இது. ஊரில் கன்று தற்செயலாக இறந்தபோது கையாண்ட உத்தி, தபேலாவில் அன்றாட உற்பத்தி முறையாயிற்று. இன்னொரு முறை, பிறப்புறுப்பு வழியாகக் காற்றை ஊதிப் பாலை வலிந்து இறக்கும் ‘பூக்கா’. காந்தி 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்டதற்கு, கல்கத்தாப் பால்காரர்களின் இக்கொடுமை பற்றிய செய்தியும் ஒரு காரணம். பின்னர் நோயுற்றுப் பம்பாயில் சிகிச்சை பெற்றபோது, கஸ்தூர்பாவின் சொல்லை ஏற்று அவர் ஆட்டுப்பால் அருந்தத் தொடங்கினார். 1890ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் பூக்காவைக் குற்றமாக்கியது. கன்றைப் பட்டினி போட்டுக் கொல்வதை அது தடுக்கவில்லை.

இங்கேதான் பழக்குதலுக்கும் வலிந்து பெறுதலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. ஊர்க் கொட்டிலில் எருமைக்கும் கறப்பவருக்கும் இடையே பல ஈற்றுகள் நீளும் பழக்கம் உண்டு. தபேலாவில் எருமை ஓர் ஈற்று மட்டுமே தங்கும் விருந்தாளி. பழகுவதற்கு நேரமில்லாத இடத்தில் வைக்கோல் கன்றும் ஊதுகுழலும் பின்னாளில் ஊசிமருந்தும் பழக்கத்தின் இடத்தைப் பிடித்தன.

ஆரேயும் கெய்ராவும்

இச்சிக்கலுக்கு நாற்பதுகளில் இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று ஆரே. பம்பாயின் பால் ஆணையராக இருந்த தாரா குரோடியின் முயற்சியில் உருவான அக்குடியிருப்பு, முப்பத்திரண்டு தொகுதிகளில் ஏறத்தாழ பதினாறாயிரம் எருமைகளைத் தாங்கும் வகையில் திட்டமிடப்பட்டது. எருமைகள் தனியாருடையவை. கொட்டில், தண்ணீர், பசும்புல், மருத்துவம் ஆகியவற்றை அரசு அளித்துப் பாலை வாங்கிக்கொண்டது. 1951 மார்ச் 4 அன்று ஜவகர்லால் நேரு அங்குள்ள பாற்பண்ணையைத் தொடங்கி வைத்தார். எருமைப் பாலின் மிகு கொழுப்பைப் பால்பொடியும் நீரும் கலந்து குறைத்து, மலிவான விலையில் கூடுதல் மக்களுக்கு வழங்கும் ‘டோன்டு’ பாலும் குரோடியின் பெயரோடு இணைந்தது. அழுக்கும் கலப்படமும் மலிந்த நகரப் பால் வணிகத்தில் இது உண்மையான சீர்திருத்தம்.

மற்றொரு விடை குஜராத்தின் கெய்ரா மாவட்டத்திலிருந்து வந்தது. 1945இல் பம்பாய்ப் பால் திட்டத்துக்குக் கெய்ராவிலிருந்து பால் அனுப்பும் ஒப்பந்தம் போல்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. விலையில் ஏமாற்றமடைந்த உழவர்கள் பதினைந்து நாள் பால் தர மறுத்துப் போராடினர். 1946 டிசம்பர் 14 அன்று அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பிற்காலத்தில் அமுல் என்ற பெயரில் அறியப்பட்டது அதுவே. அதன் தத்துவம் தெளிவானது: எருமை வீட்டிலேயே இருக்கட்டும், பால் மட்டும் பயணம் செய்யட்டும். வீட்டுப் பெண்கள் வளர்க்கும் ஓரிரண்டு எருமைகள், ஊர் தோறும் பால் சேகரிப்பு, வீடு தேடி வரும் கால்நடை மருத்துவம், கூட்டுறவுத் தீவனம் ஆகியன அதன் தூண்கள். எருமை வற்றினாலும் விற்க வேண்டியதில்லை. அடுத்த ஈற்று வரை வீட்டின் பயிர்க்கழிவைத் தின்று காத்திருக்கும். கன்றும் பிழைக்கும்.

1963ஆம் ஆண்டின் மகசேசே விருதைக் குரோடி, திரிபுவன்தாஸ் படேல், வர்கீஸ் குரியன் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டனர். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர் குரியன். விருது மூவரையும் ஒன்றாக நிறுத்திய போதிலும், நகருக்கருகே எருமையை வைத்திருக்கும் கொள்கையும் ஊரிலேயே எருமையை விட்டுவைக்கும் கொள்கையும் அடிப்படையில் முரண்பட்டவை. 1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டம் இரண்டாவது கொள்கையை ஏற்றது. பெருநகரங்களில் கட்டப்பட்டிருந்த கறவைகளை வெளியேற்றுவது அத்திட்டத்தின் முதற்கட்ட நோக்கங்களுள் ஒன்று. 1976இல் நகர்ப்புறங்களில் கால்நடை வைத்திருப்பதையும் கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டத்தை மகாராட்டிர அரசு இயற்றியது. தபேலாக்கள் சிறிது சிறிதாக வடக்கேயும் கிழக்கேயும் நகர்ந்து, வசை, பிவண்டி, கல்யாண் பக்கங்களைச் சென்றடைந்தன. ஏதிலியருக்காகத் திறக்கப்பட்ட அதே திசையில் எருமையும் சென்றது.

எருமையின் நலனைக் கொண்டு பார்த்தால் கெய்ராவின் விடையே சரியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விடை நகரத்தில் வாழும் எளியவர்க்கு எதையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் இனி பாலை வாங்குவோர் மட்டுமே.

தோலும் தமிழரும்

தபேலாவின் வற்றிய எருமையும் சந்தைக்கு வந்த ஆடும் இறுதியில் சென்றடைந்த இடம் பாந்திரா இறைச்சிக்கூடம். அதற்குச் சற்றுத் தொலைவில், மாகிம் கழிமுகத்தின் சதுப்பு ஓரத்தில் தாராவி இருந்தது. நாற்றம் காரணமாக நகரத்துக்குள் இடம் மறுக்கப்பட்ட தோல் பதனிடும் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே நிலைகொண்டது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பதனிடும் கூடங்களை நிறுவினர். அவற்றில் உழைத்தோருள் தமிழ் ஆதிதிராவிடர் பலர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்குதல், தசை வழித்தல், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துதல் ஆகிய தமிழ்நாட்டுத் தொழிலறிவு அவர்களோடு பம்பாய்க்குச் சென்றது. கல்பனா சர்மா தம் தாராவி நூலில் இத்தோல் தொழிலையும் அதன் தமிழ்த் தொடர்பையும் விரிவாக விவரித்துள்ளார்.

ஊரில் இறந்த மாட்டைத் தூக்கும் கட்டாயத்திலிருந்து தப்பி வந்தோர்க்குத் தோல் தொழில் மீண்டும் வாய்த்தது. ஆனால் இம்முறை அது கூலி தரும் தொழில். சாதிக் கடமையாக இருந்தது சந்தை உழைப்பாக மாறியது விடுதலையா, பழைய இழிவின் தொடர்ச்சியா என்பது தாராவித் தமிழரின் வரலாற்றில் இன்றும் விவாதத்துக்குரியது. 1971இல் இறைச்சிக்கூடம் செம்பூருக்கு அப்பாலுள்ள தேவநாருக்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் பதனிடும் கூடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. தோல்பை, இடைவார் செய்யும் பட்டறைகளே எஞ்சின. எருமை, இறைச்சிக்கூடம், பதனிடு கூடம் என்ற மூன்றும் அடுத்தடுத்து நகரின் பார்வையிலிருந்து அகற்றப்பட்டன. எஞ்சியது கண்ணாடிக் கடையில் தொங்கும் கைப்பை.

தோட்டமில்லா வீடு

மாட்டுங்காவின் கதை வேறு. மேம்பாட்டு அறக்கட்டளையின் தாதர்–மாட்டுங்காத் திட்டப் பகுதியில், அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் இருபதுகளிலிருந்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அவ்வாழ்வை ஆராய்ந்த நிகில் ராவின் நூற்பெயரே ‘தோட்டம் இல்லாத வீடு’ என்னும் பொருளுடையது. கொல்லையும் கிணற்றடியும் தொழுவமும் அடங்கிய வீட்டைத் துறந்தோர், குளியலறையும் கழிப்பறையும் உள்ளடங்கிய அடுக்குமாடிக்குள் ஒரு புதிய மரியாதையான வாழ்வைக் கட்டமைத்தனர். அவ்வாழ்வில் விலங்குக்கு இரண்டு வடிவங்களே எஞ்சின. ஒன்று, விடியற்காலையில் வாசலுக்கு வரும் பால். மற்றொன்று, சங்கிலியில் நடக்கும் செல்ல நாய்.

செல்ல நாயைப் பழக்கும் முறையும் மாறிற்று. ஊர் நாய் பழகியது எல்லையைக் காக்க; அந்நியரைக் கண்டு குரைப்பது அதன் கடமை. அடுக்குமாடி நாய் கற்க வேண்டியது குரைக்காமல் இருப்பதை. மாடிப்படியில் எதிர்ப்படும் அந்நியரைப் பொறுத்துக்கொள்வதை. குறித்த நேரம் வரை சிறுநீரை அடக்குவதை. ஒரே விலங்கிடம் இரண்டு வாழிடங்கள் நேரெதிரான குணங்களைக் கேட்டன. நாயின் இயல்பை மட்டும் ஆராய்ந்தால் இது புலப்படாது; வீட்டின் வடிவத்தையும் சேர்த்து ஆராய வேண்டும்.

சட்டத்தின் கருணை

விடுதலைக்குப் பிந்தைய விலங்குச் சட்டத்தில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. பூக்காவையும், பாலுக்காகக் கறவைக்குத் தீங்கான ஊசி போடுவதையும் அதன் 12ஆம் பிரிவு தடை செய்கிறது. 1962இல் சென்னையில் தொடங்கப்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் முறையை அறுபதுகளிலிருந்தே வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்றது. 2001இன் மத்திய விதிகள் அதை நாடு முழுமைக்கும் உரியதாக்கின. 1832இல் பம்பாய் எழுப்பிய கேள்விக்கு, ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்துச் சென்னை வழியாக ஒரு விடை கிடைத்தது: உடையவன் இல்லாத நாயும் தன் தெருவுக்கு உரியதே.

நாய்க்குக் கிடைத்த இவ்விடை ஆட்டுக்கும் கோழிக்கும் கிடைக்கவில்லை. தாராவியின் சந்துகளில் இன்றும் ஆடுகள் திரிகின்றன. வாசலோரக் கூடுகளில் கோழிகள் அடைகின்றன. காய்கறிக் கழிவு தீவனமாகிறது. ஆபத்துக் காலத்தில் ஓர் ஆட்டின் விலை மருத்துவச் செலவாகிறது. வங்கிக் கணக்கில்லாத குடும்பத்துக்கு ஆடு ஒரு சேமிப்பு. இவ்வளர்ப்பு சட்டத்தின் பார்வையில் அனுமதியற்றது. நலவாழ்வுத் துறையின் பார்வையில் தொல்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு உறுதியளிக்கப்படுகிறது. அந்த வீடு அடுக்குமாடியில் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்காவின் நடுத்தர வகுப்பினர் விரும்பி ஏற்ற தோட்டமில்லா வீடு, இப்போது தாராவியின் எளியவர்க்கும் வருகிறது. மாட்டுங்காக்காரர்க்கு மாதச் சம்பளம் இருந்தது. தொழுவத்தை இழந்தும் அவர் எதையும் இழக்கவில்லை. ஆட்டையே சேமிப்பாகக் கொண்டவருக்கு அவ்வாறன்று.

இதனால், தபேலா மீண்டும் நகருக்குள் வர வேண்டும் என்றோ, கொட்டிலின் கழிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றோ முடிவு செய்ய இயலாது. தபேலா எருமைக்கும் கன்றுக்கும் இழைத்த கொடுமை மறக்கத்தக்கதன்று. விலங்கால் மனிதர்க்குப் பரவும் நோய்களும் கற்பனை அல்ல. ஆனால் தூய்மை, கருணை, ஒழுங்கு என்ற மூன்று சொற்களும் பம்பாயில் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் செயல்பட்டிருக்கின்றன. பிழைப்புக்காக விலங்கோடு வாழ்ந்தவர் வெளியே அனுப்பப்பட்டார். மகிழ்ச்சிக்காக விலங்கோடு வாழ்பவர் உள்ளே இருத்தப்பட்டார். வளர்ப்பு விலங்கு எது, கால்நடை எது என்ற பாகுபாட்டை விலங்கியல் தரவில்லை. நகராட்சி விதியும் வீட்டு வாடகையும் தந்தன.

பம்பாய்த் தமிழரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் ஆலை, துறைமுகம், அலுவலகம், அரசியல் ஆகியவற்றின் வழியாக எழுதப்பட்டுள்ளது. ஊரில் வாரத்துக்கு ஆடு வளர்த்தவர் தாராவியில் எதை வளர்த்தார், யாரிடம் அனுமதி பெற்றார், எத்தனை முறை மாநகராட்சி வண்டி அவற்றைப் பிடித்துச் சென்றது, பிடித்துச் சென்றதை மீட்க எவ்வளவு தண்டம் கட்டினார் என்பன அவ்வரலாற்றின் எழுதப்படாத பக்கங்கள். அவை மாநகராட்சி ஆவணங்களின் தண்டப் பதிவுகளிலும், முதிய பெண்களின் நினைவிலும் மட்டுமே இருக்கக்கூடும். மறுசீரமைப்பின் இயந்திரங்கள் அச்சந்துகளுக்குள் முழுமையாக நுழைவதற்கு முன் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்வது இளம் ஆய்வாளர்கள் ஏற்கத்தக்க பணி.